ஐம்பத்தைந்து பார்

நிலையத்துச் சமையலறையில் இப்போது இரண்டு கெட்டில்.
யாரும் உத்தரவு போடவில்லை.
ஜூலைக் கலவரம் அடங்கிய இரண்டாம் வாரம்
சிவப்பு மூடியோடு புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.
அவர்கள் அதில் போட்டுக்கொண்டார்கள், நாங்கள் இதில்.
தேயிலை ஒன்றுதான். முனிசிபாலிட்டித் தூள்.

அதற்கு முன்னால் லுங்கேலோ
என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மோந்து
ஆட்டுக்கறியா, பீன்ஸா என்று சொல்லிவிடுவான்.
ஒரு ஈஸ்டருக்கு இசிபிங்கோ கோயிலில்
நான் தீ மிதிப்பதைப் பார்க்க வந்தவன்
குழியோரம் என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.
மறுநாள் ஷிஃப்டில் என் பூட்ஸை ஒளித்துவிட்டு,
"உனக்கெதுக்குடா இது?"
ஆறு பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம்.

பிறகு அந்த ஜூலை.
என் மைத்துனன் ஃபீனிக்ஸில் தெருமுனைத் தடுப்பில்
கோல்ஃப் மட்டையோடு ஐந்து இரவு நின்றான்.
லுங்கேலோவின் சித்தப்பா மகன் வேலை விட்டு
அந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போவான்.
போய்ச் சேர்ந்தான். கார் சேரவில்லை. இடது கண்ணும்.
எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
கெட்டில்தான் வந்தது.

பதவி உயர்வுப் பட்டியலில் மூன்றாம் முறையும் என் பெயர் இல்லை.
"அப்போ நம்மகிட்ட வெள்ளை போதல,
இப்போ கறுப்பு போதல" என்றார் சாக்ரன் படையாச்சி,
பச்சை மிளகாய் கடித்தவர்போல.
இதைக் கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன், கருமாதியிலும்.
தலையாட்டினேன். ஆட்டும்போதுதான் பார்த்தேன்,
கதவருகே லுங்கேலோ, கையில் காலிக் கோப்பை.

வீட்டில் கோகி கத்துவதில்லை இப்போது.
பட்டியல் போடுகிறாள்.
அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி. ஜனவரி.
"நாடு சரியில்லன்னா புருஷனாவது சரியா இருக்கணும்.
ரெண்டுல ஒண்ணுதானே கேட்டேன்."
நைட் ஷிஃப்டை நானே கேட்டு வாங்குவது அவளுக்குத் தெரியும்.
மகள் நாடு விட்டுப் போகத் தகப்பன் சம்மதப் படிவம்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
பதினொரு நாள் அங்கேயே இருந்தது.

பன்னிரண்டாம் இரவு ஜேக்கப்ஸில் மெத்தைக் கிடங்கு.
குழாயில் முன்னால் லுங்கேலோ, பின்னால் நான்.
ஜோடி போட்டவர் வான் ரோயன்,
முகத்தைப் பார்க்காமல், பட்டியலைப் பார்த்து.
புகைக்குள் நிறம் கிடையாது என்று பயிற்சியில் சொல்வார்கள்.
குரல் உண்டு.
உள்ளே எங்கோ காவலாளி ஸுலுவில் கத்தினார்,
லுங்கேலோ பதில் கத்தினான்.
எனக்குப் புரிந்தது இரண்டே சொல்.
அமான்ஸி, தண்ணீர்.
உங்கஹாம்பி, போகாதே.

ஐம்பத்தைந்து பாரில் என் சிலிண்டர் விசிலடித்தது.
அடித்தால் இருவரும் வெளியேற வேண்டும், விதி.
அவன் திரும்பி, கையுறையால் என் காற்றுமானியைத் துடைத்து,
டார்ச் அடித்துப் பார்த்து,
வாசல் பக்கம் கை காட்டினான். நீ போ.
நான் போகவில்லை. வீரமெல்லாம் இல்லை.
அந்தக் குழாயை ஒற்றை ஆள் பிடிக்க முடியாது.

காவலாளியை உயிரோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தோம்,
நடுவில் ஒரு ஹெல்மெட் தூரம்.
"எந்தத் தெரு?" என்றான்.
சொன்னேன்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், மூடினான், திறந்தான்.
குடிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.
எழுந்துபோகவும் இல்லை.

காலையில் போலீஸ் ஸ்டேஷன்.
கவுண்டர்ப் பெண் படிவத்தை
இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.
"வேர்வையில மை கரைஞ்சிருக்கு. செல்லாது.
வேற எடுத்துட்டு வாங்க."

கோகி கதவைத் திறந்தாள்.
"கையெழுத்து?"
"புதுசு வாங்கணும்."
அவள் நகரவில்லை. நானும்தான்.
சொல்ல வேண்டியது ஒரே சொல்.
வாய்க்குள் அது
இன்னும் ஸுலுவில்தான் இருந்தது.