ஆறாம் எண் புகைக்கூண்டு

வின்னிபெக். ஜனவரி. இரவு ஒன்றரை.
மைனஸ் முப்பத்தொன்று என்கிறது
போர்ட்டேஜ் அவென்யூ முனைப் பலகை.
அது போன வருடமே பழுதானது.
குளிர் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

வங்கியாக இருந்த கட்டடம்.
பணம் எண்ணிய கவுண்டர்களில் இப்போது
ஆறு அடுப்புகள்.
இரும்புக் கதவு போட்ட பெட்டக அறையில்
மீன்சாறுப் பீப்பாய்கள், தேங்காய்ப்பால் டப்பாக்கள்,
பூட்டாமல்.

என் வேலை மேலே.
ஏணியில் ஏறி, சல்லடைத் தகடுகளைக் கழற்றி,
குழாய்க்குள் தோள்வரை கைவிட்டு,
பகலெல்லாம் மேலேறியதைச்
சுரண்டிக் கீழே கொண்டுவருவது.
இந்த ஊர் மதியம் என்ன தின்றதென்று
ஊரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றாம் எண் தியெப்.
மஞ்சள் மாவு வார்க்கிற சட்டி.
எண்ணெய் மெலிசு, நிறம்தான் போகாது;
என் கையுறை
கல்யாண வீட்டுக்குப் போய்வந்தது போலிருக்கும்.
மூன்றாம் எண் லிகாயா.
பன்றிக்கறியைச் சர்க்கரைப் பாகில் முக்கிச் சுடுகிறாள்.
கருகிய இனிப்பு கல் மாதிரி, உளி வேண்டும்.
அவளைத் திட்டிக்கொண்டேதான் செதுக்குவேன்.
நாலாம் எண்ணில் லாவோஸ் அண்ணன் தம்பிகள்
மிளகாய் வறுக்கிறார்கள்.
பத்து மணி நேரம் கழித்தும் அந்த நெடி
முகமூடிக்குள் புகுந்து தும்ம வைக்கும்.
காவலாளி ஒலெக்ஸா கீழிருந்து
ஒவ்வொரு தும்மலுக்கும் உக்ரேனிய மொழியில் வாழ்த்துவார்.

இரண்டையும் ஐந்தையும் விடுங்கள்.
அங்கே வெறும் எண்ணெய்.

ஆறாம் எண் சொகுந்தியா.
கட்டைவிரல் நீளமே உள்ள நூடுல்ஸை
முளைப்பயறோடு இரும்புச் சட்டியில் பிரட்டுவாள்,
மேலே ஒரு முட்டை.
நவம்பரில் அவள் தகட்டில் நகம் புதையும்:
எலுமிச்சைப்புல், கரிந்த சோயா, மாட்டுக் கொழுப்பு.
டிசம்பரில் கத்தி தேவைப்படவில்லை,
துணி போதுமாக இருந்தது.
மேலே எட்டு மாடிகளில் இருந்த காப்பீட்டு ஆட்கள்
இனி வீட்டிலிருந்தே வேலை என்று
நாற்காலிகளைக்கூட விற்றுவிட்டார்கள்.
ஜனவரியில் துணி வெள்ளையாகவே திரும்பியது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
'சுத்தம்' என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
யாரோ இரண்டு கையையும் விரித்துச்
சொன்னது போலிருந்தது:
சுத்தம்.

அடுப்பில் பூனை தூங்குகிறது என்பார்கள்.
இங்கே சுகாதாரத் துறை
பூனைக்கும் அனுமதி தருவதில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள்,
பனிக்காலணியோடு, அட்டைப்பெட்டிகளோடு.
ஏணிமேல் என்னைப் பார்த்ததும் பயந்தாள்.
பிறகு, "இத்தனை நாளும் நீங்களா?" என்றாள்.
மூன்று வருடமாக ஒரே குழாயின்
இரண்டு முனைகளில் இருந்திருக்கிறோம்.

சட்டியைப் பெட்டிக்குள் வைத்தாள். எடுத்தாள்.
"நூடுல்ஸ் அரைப் பொட்டலம் மிச்சம்.
பெட்டியில் இடமில்லை."
இடம் இருந்தது.
நான் உயரத்தில் அல்லவா நின்றேன், தெரிந்தது.

தகட்டை மறுபடி மாட்டினேன்.
விசிறியைப் போட்டாள்.
தீ ஒருமுறை இருமிவிட்டு நீலமாகப் பிடித்தது.
மூன்று பேரும் நின்றபடியே தின்றோம்.
ஒலெக்ஸா முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தார்.
காசு நீட்டினேன். வேண்டாமென்று சொல்லவில்லை அவள்.
மீதிச் சில்லறையை
கவுண்டரின் அந்தப் பக்கமிருந்து
எண்ணித் தந்தாள், இரண்டு முறை எண்ணி.

அவள் போனபின் ஏறினேன்.
தகடு இன்னும் சூடு.
தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு.
துணியை எடுத்தேன்.
படிவத்தில்தான் ஏற்கெனவே எழுதியாயிற்றே;
அடித்துத் திருத்த
மேலாளர் கையெழுத்து வேண்டும்.
துணியை மடித்துப் பையில் வைத்தேன்.

பிப்ரவரியில் அங்கே ஜவ்வரிசித் தேநீர்க் கடை.
அடுப்பில்லை, புகையில்லை.
என் பட்டியலில் ஐந்து கூண்டுகள்,
சம்பளமும் அதற்குத் தக்கபடி.

ஆறாம் எண்ணை யாரும் திறப்பதில்லை.
அந்தப் பூச்சு இந்நேரம்
குளிரில் இறுகியிருக்கும்.
உளி வேண்டியிருக்கும்.