இடம் வலம்

கிழக்கு வெளிவீதிக் கோயில் சாமியார்
நாலாய் மடித்த தாளொன்றைத் தந்தார்.
மடிப்பில் மாதாவின் மூக்கு தேய்ந்திருந்தது.
இத்தாலியில் நானூறு வருஷம் முன்னே
யாரோ சுவரில் தீட்டியதாம்,
இன்னொருவன் செம்பில் கீறி
அச்சுப் போட்டானாம். வெறும் கறுப்பு.
"இது கலரில் ஆயிரம் வேணும்,
இடைக்காட்டூர்த் திருவிழாவுக்கு."

வைகை மணலைச் சலித்துத் தூவிக்
கல்லோடு கல் வைத்துத் தேய்த்தேன்.
போன மாதத்துத் தீப்பெட்டிப் புலி
காதிலிருந்து வால்வரை கரைந்தது.
புலி படுத்த இடத்தில்
மாதா உட்கார வேண்டும்.

எங்களுடையது சாயப்பட்டறை வீடு.
அவுரித் தொட்டியிலிருந்து நூல்
பச்சையாய்த்தான் எழும்,
காற்றுப் பட்டு நீலமாகும்.
ஆகி முடிக்குமுன் அரைக்கணம்
ஒரு நிறம் இருக்கும்.
முக்காட்டுக்கு அதைத்தான் கலந்தேன்.

சாமியார் முதல் தாளைத் தூக்கிப் பார்த்தார்.
"பிள்ளை வலக்கையில் அல்லவா இருந்தது?"
கண்ணாடி வைத்து வரைய மறந்திருந்தேன்.
கல்லில் நேராய் வரைந்தது
தாளில் திரும்பி விழுந்துவிட்டது.
முதலாளி தேவசகாயம் என்னைப் பார்க்காமல்
கணக்கு நோட்டைப் பார்த்தார்.

ராத்திரி கைமையைக் கழுவும்போது தோன்றியது:
செம்பில் கீறியவனும் என்னைப் போலவே
கண்டதைக் கண்டபடி கீறியிருந்தால்?
அப்போதே ஒருமுறை திரும்பியிருப்பாள்.
சுவரில் இருப்பவள் அப்படியானால்
இடக்கையில்தான் பிள்ளையைத் தாங்குகிறாள்.
முகம் தெரியாத இரண்டு பேர்
ஆளுக்கொரு தப்புச் செய்து
அவளை வீடு சேர்த்திருக்கிறோம்.
சாமியாரிடம் சொல்லவில்லை.
நான் என்ன அந்தச் சுவரைக் கண்டேனா?

இன்னொரு தப்பும் உண்டு.
கறுப்புக் கல்லில் மை ஒரு சொட்டு,
பிள்ளையின் கன்னத்தில் மிளகளவு.
முந்நூறு தாள் ஓடியபின்தான் கண்ணில் பட்டது.
"கழிச்சுப் போடு" என்றார் முதலாளி.
இன்னாசி அதைப் பாதி விலைக்குக்
கட்டித் தூக்கிப் போனான்.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள்
வெறுங்கையோடு வந்து நிற்கிறான்:
"அண்ணே, திருஷ்டிப் பொட்டு வச்ச பிள்ளை
இன்னும் கிடக்கா?
பொட்டில்லாததைப் பொம்பளைங்க
புரட்டிப் பார்த்துட்டு வச்சிடறாங்க."

இன்றைக்கு மறுபதிப்பு.
அந்தச் சொட்டைப் போனவாரமே
சுரண்டி எடுத்தாகிவிட்டது.
கண்ணாடி பக்கத்தில் இருக்கிறது.
மை தோய்ந்த தூரிகை நுனி
கல்லுக்கு ஒரு விரல்கடை மேலே
அப்படியே நிற்கிறது.

எந்தக் கன்னம்?