ஆயுட்காலம்

ஆர்டர் எடுக்கும் கருவி வாங்க
பினாங்கு லெபோ பாசார் அடகுக்கடையில்
சங்கிலியை வைத்தேன்.
கம்பிக்குப் பின்னாலிருந்து வந்த சீட்டில்
கிறுக்கியிருந்தது ஒன்றும் விளங்கவில்லை,
தேதி மட்டும் விளங்கியது.
ஆறு மாதம். அதற்குள் வா,
வராவிட்டால் என்னுடையது.
அவ்வளவுதான் கடைக்காரர் வாக்கு.

கருவிக்காரர்கள் தந்த தாள் வழவழவென்றிருந்தது.
எல்லாம் விளங்கியது.
'ஆயுட்கால ஆதரவு.'
யாருடைய ஆயுள் என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஐந்தாம் மாதம் மின்னஞ்சல் வந்தது,
'எங்கள் பயணத்தில் உடன் வந்தமைக்கு நன்றி.'
நான் எங்கும் போகவில்லை.
ஜெட்டிக்குப் போகும் வழியில்
அதே அடுப்பு, அதே ஆப்பச்சட்டி.

புஷ்பநாதனுக்குத் தேங்காய்ப்பால் தனியாக,
ஃபௌசியாவுக்கு முட்டையாப்பம் இரண்டு, ஓரம் கருகாமல்...
நானூறு பேருடைய நாக்கு அதற்குள் இருந்தது.
இப்போது கறுத்த கண்ணாடி.
வாழையிலைக் கட்டு காற்றில் பறக்காமலிருக்க
மேலே வைத்திருக்கிறேன்.

சங்கிலி இன்னும் கம்பிக்குப் பின்னால்.
வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பித்தேன்.
மறுபடி ஒரு தேதி போட்டுத் தந்தார்.

நேற்று இன்னொரு பையன் வந்தான்.
இன்னும் பெரிய கம்பெனி,
கழுத்தில் அட்டை.
எத்தனை மாதம் இருப்பீர்கள் என்றேன்.
சிரித்துவிட்டான்.
"அக்கா, நாங்க மூடுவோமா?"

கடை முன்னால் மூன்று பேர்
கைப்பேசியை நீட்டிக்கொண்டு
ஸ்கேன் செய்ய எதையோ தேடி நின்றார்கள்.

கையெழுத்துப் போட்டேன்.
பிறகு அவன் பேனாவாலேயே
கருவியின் முதுகில்
ஆறு மாதம் தள்ளி
ஒரு தேதி எழுதினேன்.