இரண்டு ஐம்பது

ஜூலை. மாரிட்ஸ்பர்க், நார்த்டேல்.
புல்லில் விழுந்த உறைபனி பத்து மணிக்கும் விலகவில்லை.
மெயினை அணைத்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன்.
நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தேன்.
பிறகு நெற்றியில் விளக்கோடு
மச்சுக் கதவைத் தலையால் தள்ளிக் கூரைக்குள் ஏறினேன்.

நூற்றைம்பது லிட்டர் கீசர்
உத்தரங்களின் மேல் நீர்யானைக் குட்டிபோல் படுத்திருந்தது.
அதன் போர்வை நான் சுற்றியதுதான்,
தவமணி ஒரு முனையைப் பிடித்திருக்க
டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து.

மூடிக்கு இரண்டு திருகு. ஒன்று துரு.
பழைய தெர்மோஸ்டாட் கையோடு வந்துவிட்டது:
நீளக் குச்சி, மழுங்கிய முகம், அறுபதில் நின்ற அம்பு.
அதற்குத் தெரிந்தது இரண்டே சொல்:
போதும். போதாது.

புதியது அப்படியில்லை.
அதன் காகிதத்தில் பழுப்பும் நீலமும்.
என் சுவருக்குள் ஓடுவதோ சிவப்பும் கறுப்பும்.
சிவப்பு, போவது. கறுப்பு, திரும்புவது.
அம்மணச் செம்பு, யாரும் சாகாமலிருக்க.
பழையது கறுப்பைத் தொட்டதே இல்லை;
அது நேரே எலிமென்டுக்குப் போய்விடும்.
இதற்கோ,
சும்மா விழித்துக்கொண்டிருக்கவே
தனியாக ஒரு கறுப்பு வேண்டுமாம்.

குப்புறப் படுத்து, இடது கை மரத்துப்போக,
ஒரு சாண் வயரைக் கிளை பிரித்துக் கொடுத்தேன்.
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.
தளர்ந்த திருகுதான் வீட்டை எரிக்கும்.
"முடிஞ்சுதா? நாலுக்கு லோட் ஷெட்டிங்" என்று
கீழிருந்து தவமணி.

பத்து வருடமாக இரவு ஒன்பதுக்கு
கீசரை அணைப்பவன் நான்.
அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு;
மிச்சம்பிடித்த யூனிட்டை
வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் யோகன் நாயக்கரிடம்
கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்வேன்.
இப்போது ஒன்பதுக்கு அதுவே அணைகிறது.

வெள்ளிக்கிழமை, செருப்பு ஆலையில் தேநீர் வேளை,
போனில் அந்த வாரத்தின் கோடுகளைப் பார்த்தேன்.
இரவெல்லாம் சரிவு, மெல்ல, சரியாக.
இரண்டு ஐம்பதுக்கு ஒரு படி.
திங்கள், ஒரு படி. செவ்வாய், ஒரு படி.
புதனும் வியாழனும் அதே இடத்தில்.

வால்வு கசிகிறது என்றுதான் நினைத்தேன்.
சனிக்கிழமை மறுபடி ஏறிப்
பாத்திரத்தைத் தடவினேன். தூசி. ஈரமில்லை.

அன்றிரவு தூங்குவதுபோல் கிடந்தேன்.
சுவருக்குள் குழாய் மூன்று முறை இடித்தது.
குளியலறையில் விளக்கில்லை.
வாஷ்பேசினில் மணிக்கட்டு வரை கையை விட்டு
அவள் நின்றிருந்தாள்.
பகலெல்லாம் குளிர்கிடங்கில்
உறைந்த கோழிகளைப் பையில் போடும் விரல்கள்
ஒவ்வொன்றாக, பிடிவாதமாக,
திறக்கப் பார்த்தன.
கடைசி விரல் வரவில்லை. மற்ற கையால் நிமிர்த்தினாள்.

எல்லோரும் குளித்து மிஞ்சியது,
ஒன்பதுக்கு நான் அணைத்தது,
அந்நேரத்துக்கு முப்பத்தோரு டிகிரி. கோடு சொன்னது.
முப்பத்தொன்று என்றால்
மனித உடம்பைவிடக் குறைவு.

அவளுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டேன்.
கேட்கவில்லை.
கேட்டிருந்தால் "ஒண்ணுமில்லே" என்பாள்,
நானும் அதை நம்பியிருப்பேன்.

மறுநாள் பேக்கிக்குள் உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு,
போனில் குறித்தேன்:
ஒன்றே முக்காலுக்கு எழு.
இரண்டு ஐம்பதுக்குள் ஐம்பது டிகிரி.
நாளுக்கு மூன்று யூனிட் கூடும். கூடட்டும்.
இந்த நேரத்துக்கு ஒரு பெயர் கேட்டது.
தட்டினேன், அழித்தேன்.
"மற்றவை" என்று போட்டேன்.

புதன்கிழமை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள்
தலை நிமிராமல் சொன்னாள்:
"புதுசு நல்லாத்தான் வேலை செய்யுது."
கத்தி ஒரே சீராக ஓடியது.
"கறுப்பு வயர்தான்," என்றேன்,
"அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாச்சு."