இடைச்சொல்

துணை இயக்குநர் துவான் பேசத் தொடங்கிவிட்டார்.
என் நாற்காலி அவருக்கு இடப்பக்கம், அரையடி பின்னால்,
அவர் நிழல் விழும் இடத்தில்.

முவாங் சாயிலிருந்து ஒன்றரை மணி நேரம்.
பாதி வழி அவர்கள் போட்ட சாலை,
மீதி எங்கள் புழுதி.
பள்ளிக்கூடத்தில் இன்னும் பெயின்ட் வாசம்.
முப்பத்தாறு கணினிகள், உறை பிரிக்கவில்லை.
பிள்ளைகள் தலையிலெல்லாம் ஒரே மஞ்சள் தொப்பி.
கூடைப்பந்து வளையம் மட்டும்
இந்த ஊரில் எவருக்கும் எட்டாத உயரத்தில்.

"நாம் சகோதரர்கள்" என்றார்.
சின்னச் சொல்தான். நாக்கு நுனியில் நின்றுவிட்டது.
லாவோவில் வெறும் சகோதரன் கிடையாது.
ஆய் என்றால் அண்ணன். நோங் என்றால் இளையது.
பிறந்த வரிசை சொல்லாமல் உறவு சொல்ல முடியாது.
ஆய்நோங் என்று சேர்த்தே சொல்லலாம்;
சேர்த்தாலும் முன்னால் நிற்பவன் மூத்தவன்.
யார் முன்னால் என்று எவரும் கேட்கப்போவதில்லை,
வளையத்தை அண்ணாந்து பார்த்தாலே போதும்.

"ஒரே ஆற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள்" என்றேன்.
கைதட்டினார்கள்.
தட்டி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது,
ஆற்றுக்கும் மேல்பக்கம் என்று ஒன்று உண்டு.

என்னை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம்.
குன்மிங்கில் நான்கு வருடம், அவர்கள் செலவில்.
போந்திப் என்ற பெயர் ஆசிரியை வாயில் நுழையவில்லை;
சொங் மெய் என்று எழுதிக்கொண்டார், திரும்பிப் பார்க்கப் பழகினேன்.
முதல் குளிர்காலத்தில் யின் லான்
தன் கம்பளியின் பாதியை என் காலில் இழுத்துப் போட்டாள்.
எந்த அமைச்சகமும் அவளிடம் சொல்லி அனுப்பவில்லை.
உதவித்தொகைக்குக் கணக்கு இருக்கிறது,
கையெழுத்து இருக்கிறது.
அந்தப் பாதிக் கம்பளியை எந்தப் பக்கத்தில் எழுத?
தின்ற உப்பு
மொழிபெயர்க்கும்போதெல்லாம் நாவில் கரிக்கிறது.

ஊர்த் தலைவர் புன்லொம் எழுந்தார்.
மாவட்ட அலுவலகம் எழுதிக் கொடுத்த தாளை
நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.
"பள்ளிக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் வரைக்கும்,
சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருக்கிறார்கள்.
அதுவும் இந்தப் பரிசில் சேர்த்தியா?"

யாரோ இருமினார்.
நான் அன்று முதல் முறையாக
ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.
துவான் முகம் சுளிக்கவில்லை.
"அது வேறு துறை" என்றார் கனிவாக.
இதை லாவோவில் சொல்வது சுலபம்.
எங்கள் அலுவலகங்களுக்கும் மனப்பாடமான வாக்கியம்.

பிறகு சூக்குவன் சடங்கு.
வாழையிலைக் கூம்பு, செண்டுமல்லி, அவித்த முட்டை, வெள்ளை நூல்.
உடம்பில் முப்பத்திரண்டு குவன் என்பார்கள்,
உறுப்புக்கு ஓர் உயிர்.
தூரம் போனால், பயந்தால், ஒன்றிரண்டு நழுவி
வழியிலேயே தங்கிவிடும்.
கூப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

துவானின் கைக்கடிகாரத்துக்கு மேலே
புன்லொம் நூலைச் சுற்றினார்:
வா குவனே வா,
காட்டில் நிற்காதே,
அடுத்தவர் வயலில் படுக்காதே,
உன் வீட்டுக்குத் திரும்பு.

"என்ன சொல்கிறார்?"
"வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறார்."

ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
புன்லொம் முடிச்சில் கவனமாக இருந்தார்.

மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது என்றேன்.
துவான் தலையாட்டி, சட்டைக் கையை இழுத்து
நூலை உள்ளே விட்டுக்கொண்டார்,
அழுக்குப்படாமல் இருக்கத்தான் போலிருந்தது.

எனக்கும் ஒரு நூல் கட்டினார்கள்.
திரும்பி வரும் வேனில் எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தொன்று வந்துவிட்டது.
ஒன்று இன்னும் குன்மிங்கில், நாலாவது மாடியில்,
பாதிக் கம்பளிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது.
கூப்பிடலாம்.
எந்தப் பெயர் சொல்லி?