ஈரத்தில் இறுகுவது

ஓட்டை போட்டது நான்தான்.
கீழ்க் கடைவாயில், முன்வேர் வளையும் இடத்தில்,
டானிங்டன் இறக்கம் தெரியும் ஜன்னலை ஒட்டி,
ஒரு செவ்வாய்க்கிழமை நாலே கால் மணிக்கு.
அளவுக்கருவி முன்கூட்டியே கூவியது.
காகிதக் குச்சியை உருவிப் பார்த்தேன்:
நுனியில் அல்ல,
பக்கவாட்டில் சிவப்பு.

கரண்ட் போய் வந்த நொடி என்று
சொல்லிக்கொள்ளலாம்.
சொல்லிக்கொண்டும் இருந்தேன், மூன்று நாள்.

போஜன் ஜேசிபி ஓட்டுகிறவர். ஐப்பசியில்
மண் சரிந்த இடமெல்லாம் அவருக்கு வீடு.
வெள்ளிக்கிழமை ரப்பர் திரை மாட்டிய பிறகு சொன்னேன்:
"இந்த வலி உங்க பல்லால இல்ல, என் கையால.
வேர்ல, சைடுல, துளை விழுந்துடுச்சு."
வாய் திரைக்குள். பதில் பேச முடியாது அவரால்.
அந்த வசதிக்காகத்தான் அப்போது சொன்னேனோ.

கண்ணாடிப் பலகையில் வெள்ளைப் பொடி,
ஒரு கிராமுக்கு என் கால்மாத வாடகை.
இரண்டு சொட்டு நீர்விட்டு
ஈரமணல் பதம் வரக் குழைத்தேன்.
மற்றதற்கெல்லாம் பல் காய்ந்திருக்க வேண்டும்:
பஞ்சு, காற்று, மறுபடி பஞ்சு.
இதற்கு ஈரம் பகையில்லை.
கசியும் இடத்திலேயே உட்கார்ந்து
கசிவைக் குடித்துக் கல்லாகும்.
எலும்பு இதை அந்நியன் என்று விரட்டாது,
நாள்பட மேலே படரும்.
ஐந்து பேரின் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன்.
ஆறாமவர் திரும்பி வரவில்லை.

நனைந்த பஞ்சு வைத்து மூடி, திரையை எடுத்துவிட்டு
கையுறையை மெல்ல, மிக மெல்லக் கழற்றினேன்.

"சிமெண்டா, மேடம்?"
"அதோட சொந்தக்காரன்தான்."
"க்யூரிங்?"
"ஈரப்பஞ்சு வச்சிருக்கு. புதன்கிழமை வாங்க."

மரத்த உதட்டில் எச்சில் வழிய,
துடைக்காமலே சொன்னார்:
"அரவேணு வளைவுல போன வருசம்
பக்கெட் பட்டு தண்ணி பைப்பு உடைஞ்சுது.
மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துட்டேன்.
யாருக்கும் தெரியாது."

பில்லில் பூஜ்யம் போட்டேன்.
இருநூறு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்,
எதற்கு என்று கேட்கவில்லை.

புதனன்று ஊசியால் தட்டினேன்.
டிக் என்றது. கல்.
எக்ஸ்ரேயில் வேரோரம் ஒரு அரிசிக்குறுணை வெள்ளை.
பைப்பைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் இப்போது
அரவேணுவில் காரை மெதுவாக்குகிறேன்.
வாரக்கணக்கில் வெயிலடித்த நாளிலும்
அந்த வளைவில்
தார் நனைந்திருக்கிறது.