பதினேழு கிலோ

படிவத்தில் நாற்பத்தேழு கேள்விகள்.
ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, மிக அடிக்கடி.
நான் ஒன்று நிரப்பினேன்.
பாலர் பள்ளி டீச்சர் பெட்டினா ஒன்று.
ஞாயிறு மட்டும் அவனைப் பார்க்கிற டேல் ஒன்று.
மூன்று தாளிலிருந்தும்
மூன்று பையன்கள் இறங்கி வந்தார்கள்.
ஒருவனுக்கு மற்றவனைத் தெரியவில்லை.

ஈரோவுக்கு ஐந்தாகப் போகிறது.
மருத்துவமனைக் கணக்கில் பதினேழு கிலோ, காலணியோடு.

கோடையில் அக்காளின் பல்லை உடைத்தான்.
கோபமில்லை. அவன் ஓடினான், அவள் குறுக்கே நின்றாள்,
அவ்வளவுதான்.
பிறகு உடைந்த துண்டைத் தேடிக்
கட்டிலடியில் அழுதுகொண்டே தவழ்ந்தவனும் அவன்தான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"முதலில் பெற்றோர் பயிற்சி, மருந்து பிறகு"
என்றார் டாக்டர் மாய் ஷியோங்.
பயிற்சிக்குப் பதினொரு மாதக் காத்திருப்பு.
பள்ளியிலிருந்து மூன்றாவது கடிதம் வந்துவிட்டது.
"என் மகனுக்கு விலங்கு மாட்டுகிறாயா?"
தொலைபேசியில் டேல்.
"கண்ணுக்குக் கண்ணாடி போடுவதில்லையா?"
பக்கத்து வீட்டு லொரெய்ன்.
இரண்டு பேரிடமும் சரி சரி என்றேன்.
இரவு ஷிப்டுக்காரிக்கு
வாதாட நேரம் ஏது?

டுலூத் நகராட்சியில் உப்பு லாரி ஓட்டுகிறேன்.
மைலுக்கு இத்தனை பவுண்டு என்று ஒரு திருகு உண்டு.
குறைந்தால் மேட்டில் வண்டிகள் சறுக்கும்.
கூடினால் வசந்தத்தில் ஓரத்து மரங்கள் துளிர்க்காது.
ஒவ்வொரு தடவையும் கை தயங்கும்.
அது வெறும் தார்ச்சாலை.

அக்டோபரில் ஆரம்பித்தோம்.
மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டியில்
பாதி ஒருநாளும் பாதியாக விழுந்ததில்லை.
ஒன்று பெரிது, ஒன்று சிறிது, மிச்சம் மாவு.
மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கசப்பு.
வேறொன்றும் சொல்லவில்லை அது.

ஏரியிலிருந்து தாதுக்கப்பல் நுழைகையில்
தூக்குப் பாலத்தைக் கூப்பிடும்:
ஒரு நெடில், இரண்டு குறில்.
பாலம் திருப்பிச் சொல்லும்.
மூன்றாவதாக எங்கள் வீடு சொல்லும்,
சில நாள் குளியல் தொட்டியிலிருந்து,
ஈரோவின் முழுத் தொண்டையில்.

இரண்டாம் வாரம் ஒரு கப்பல் கூப்பிட்டது.
பாலம் சொன்னது.
அவன் ஆறிப்போன முட்டைக்கு முன்னால்
முதுகு நேராக உட்கார்ந்திருந்தான்.
கரண்டியைப் பிடித்தபடி நான் காத்திருந்தேன்.

அதே மாலை
ஒரு மனிதனை முழுதாக வரைந்து கொண்டுவந்தான்,
காது, சட்டைப் பொத்தான் எல்லாம்.
அதுவரை அவனுடைய மனிதர்கள்
கழுத்தோடு நின்றுபோனவர்கள்.
இதை எந்தப் பக்கத்தில் வரவு வைக்க?

"நானே முழுங்குவேன், நான் பெரியவன்" என்றான்.
விட்டுவிட்டேன்.
முதல் பெரும்பனிக்கு பூட்ஸை எடுத்தால்
இடது பூட்ஸ் குலுங்கியது.
ஒன்பது பாதிகள்.

குளிர்பெட்டியில் டீச்சரின் காலண்டர்:
பச்சை முகம், சிவப்பு முகம், மூன்று வாரம்.
எந்த ஒன்பது நாள்?
தரையில் காலண்டரை விரித்து
பாதிகளை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.
பச்சையின் மேல் வைத்தால் டேல் ஜெயித்தான்.
சிவப்பின் மேல் வைத்தால் லொரெய்ன்.
எங்கே வைத்தாலும் பொருந்தின.

"ஏன்டா பூட்ஸுக்குக் கொடுத்தே?"
"இடதுதான் ரொம்ப ஓடும்மா.
வலது சமர்த்து."

வியாழக்கிழமை டாக்டரிடம் காட்ட
உறையில் போட்டு வைத்திருக்கிறேன்,
ஒன்பதையும், மாவோடு.

இன்று காலை பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கப்பல்.
ஒரு நெடில், இரண்டு குறில்.
பாலம் சொன்னது.
ஈரோ வாயைத் திறந்தான், நிறுத்தினான்,
என் முகத்தைப் பார்த்தான்,
ஊதட்டுமா என்பதுபோல.
ஒருநாளும் கேட்டவன் இல்லை.
மருந்தா, வரப்போகிற ஐந்து வயதா,
எனக்குத் தெரியாது.

"சீக்கிரம்டா" என்றேன்,
"கப்பல் போயிடும்."